அசைந்தவர் அவுட்

அத்தானைப் பார்க்க வேண்டுமானால் கடையின் அடித்தளத்துக்குத்தான் இறங்க வேண்டும். படிக்கட்டின் கடைசித் திருப்பத்தில் மேல்மாடிகளின் வெளிச்சம் நின்றுவிடும். கதவைத் தள்ளியதும் ஒரு கூட்டம் தெரியும். ஆணும் பெண்ணுமாக, வழுக்கைத் தலையோடு, உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல், எல்லாரும் வாசலைப் பார்த்தபடி நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு தலை மட்டும் திரும்பி, "வா மச்சான்" என்று சொல்லும். எத்தனை முறை போயும், அந்தத் தலை எந்த மூலையிலிருந்து திரும்பும் என்று எனக்கு முன்கூட்டித் தெரிந்ததில்லை.

அவர் என் அக்காவின் கணவர். துணிக்கடையின் ஷோகேஸில் நிற்கும் பொம்மைகளுக்கு உடை மாட்டுவது அவர் வேலை. கடையில் பொம்மைக்காரர் என்றால்தான் தெரியும். நானும் அங்கேதான் வேலை செய்தேன். தரைத்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு; அதில் உட்கார்ந்து பாட்டுப் போடுவேன், காணாமல் போன பிள்ளைகளின் சட்டை நிறத்தை மைக்கில் சொல்வேன்.

பொம்மைக்குச் சட்டை போடுவது பிள்ளைக்குப் போடுவது போல இல்லை. பொம்மை கையை மடக்கித் தராது. மணிக்கட்டைப் பிடித்து இடப்பக்கமாகத் திருகினால் கை கழன்று வரும். பிறகு புஜத்தைத் தோளிலிருந்து தூக்கி எடுக்க வேண்டும். சட்டையை உடம்பில் மாட்டியபின் புஜத்தைக் கழுத்து வழியாக உள்ளே விட்டுத் தோளில் பொருத்தி, கடைசியில் சட்டைக்கையின் வாயில் கையைத் திருகி முடுக்க வேண்டும். கழற்றிய கைகளைப் போட இரண்டு மரப்பெட்டிகள் உண்டு, வலது கைகளுக்கு ஒன்று, இடது கைகளுக்கு ஒன்று. மூடி கிடையாது. புதிதாகச் சேர்ந்த பெண்கள் அந்தப் பெட்டிகளைத் தாண்டும்போது உடையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தாண்டுவார்கள்.

அத்தானைப் பெரிய கைகாரர் என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். ஒரு தோளைத் திருப்பிவிட்டு எட்டிப்போய் நின்று பார்ப்பார். மறுபடி வந்து முன்பு இருந்தபடியே திருப்புவார். மற்றவர்கள் ஒரு ஷோகேஸை முடிக்கும் நேரத்தில் இவர் ஒரு காலரைத்தான் முடித்திருப்பார். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அவர் வைத்த பொம்மை நிற்பது போல இருக்காது. நடந்து வந்து, யாரோ கூப்பிட்டதால் இப்போதுதான் நின்றது போல இருக்கும்.

அக்கா கல்யாணம் செய்துகொண்டபோது அவள் தலையில் நரை வந்துவிட்டது. அவள் பள்ளிப்படிப்பை முடித்த கையோடு எங்கள் அப்பா படுத்தார். பக்கவாதம். கண் மட்டும் திரும்பும், நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும். அம்மா ஏற்கெனவே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்த அக்கா, அவள் வயதுப் பெண்கள் எல்லாரும் வாழ்ந்து முடித்த பிறகுதான் எழுந்தாள். அப்பா போன பின்பும் கொஞ்ச காலம் அந்த அறையைக் கடக்கும்போது விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நடப்பாள்.

அத்தானை ஒரு நாள் நான்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன், மழைக்கு ஒதுங்கத்தான். நான் துண்டு எடுக்க உள்ளே போன நேரத்தில் கூடத்தில் ஒரு சத்தம். ஏதோ பாத்திரம் விழுந்து உருள்கிறது என்று ஓடி வந்தேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பு எப்படியிருக்கும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்பு என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "மச்சான், உங்க அக்கா இனிமே அசையாத மனுஷன் பக்கத்துல உக்காரக் கூடாது. அது என் பொறுப்பு."

பகலெல்லாம் அசையாதவர்களுக்கு நடுவில் வேலை செய்கிற ஒருவர் இப்படிச் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவருக்கு வேடிக்கை இல்லை. வேறு எந்தப் பேச்சையும் காற்றில் விட்டுவிடுகிற மனிதர், இந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் மின்சாரம் போயிற்று. கடையே இருண்டு, வாடிக்கையாளர்கள் வாசல் பக்கம் ஒதுங்கியிருந்த நேரத்தில் தையல்காரம்மா என் கூண்டுக்கு வந்தார். பொம்மைகளின் உடையில் பித்தான் மாற்றுவதும் சுருக்கம் பிடிப்பதும் அவர் வேலை.

"தம்பி, மைக்குல பொம்மைக்காரரைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

"கரண்ட் இல்லாம மைக் எப்படிம்மா பேசும்?"

"அதுவும் சரிதான். கீழ ஒரு பொம்மைக்குக் கை கழல மாட்டேங்குது. டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு எவ்ளோ நேரம்தான் திருகுறது? பல்லே ஆடிப்போச்சு."

"துரு புடிச்சிருக்கும்மா."

"துருவா இருந்தா நான் ஏன் மாடியேறி வரேன்? கை சூடா இருக்கு தம்பி. பின்னாடி சுடுதண்ணிக் குழாய் ஏதாவது போகுதா? பொம்மை உருகி ஒழுகிடுச்சுன்னா என் தலையிலதான் கட்டுவாங்க."

ஒயர் பழுதைப் பற்றிப் புகார் சொல்வது போலத்தான் சொன்னார். அவர் டார்ச்சை வாங்கிக்கொண்டு நான் இறங்கினேன்.

கீழே முகம் முகமாக வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு போனேன். எல்லா முகத்துக்கும் ஒரே மூக்கு. வெள்ளைச் சட்டை போட்ட ஒன்றின் மேல் வெளிச்சம் விழுந்தபோது, அதன் வலது கை பாதி உயர்ந்திருந்தது. மணிக்கட்டு சிவந்திருந்தது. அத்தான். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. கூப்பிட்டேன். வெளிச்சத்தை நேராகக் கண்ணில் அடித்தேன். அந்தக் கண்ணின் ஓரத்தில் நீர் திரண்டு, நிரம்பி, கன்னத்தில் இறங்கியது. முகத்தில் வேறு எதுவும் அந்த நீரைப் பற்றித் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மின்சாரம் வந்தது. மூலையில் இருந்த பழைய மின்விசிறி டக், டக், டக் என்று சுற்ற ஆரம்பித்தது. அந்தத் தாளம் பிடித்துக்கொண்டதும், பாதியில் நின்ற கை மீதி வழியை முடித்து முகத்தைத் துடைத்தது.

"கண்ணு எரியுது" என்றார். பிறகு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார். "அந்தம்மா கையோட போயிடும்னு நினைச்சேன் மச்சான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நரம்பு டாக்டரை எப்போதோ பார்த்துவிட்டாராம். நோய்க்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. முதலில் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும், பிறகு மற்றவையும். மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

"உள்ள நான் முழுசா இருக்கேன். வெளியதான் ஆளில்லாத மாதிரி ஆயிடுது" என்றார். குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. நான் நிக்கிறப்போ அதுங்க நிக்கிறதில்ல."

"எதுங்க?"

மோவாயால் கூட்டத்தைக் காட்டினார். "பெருசா ஒண்ணும் பண்ணல. மூச்சு விடுதுங்க. அவ்வளவுதான். நான் அசைஞ்ச உடனே நிறுத்திடுதுங்க."

நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. நோய் கண்ணுக்கும் ஏதாவது செய்யும் என்று எண்ணிக்கொண்டேன். இருந்தாலும் கதவு வரைக்கும் பின்னோக்கியே நடந்தேன்.

"உங்க அக்காவுக்கு..." என்றார் அத்தான்.

"சொல்லமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த வருடம்தான் மேனேஜருக்கு, ஊழியர்களுக்கு நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோகிறது என்ற கவலை வந்தது. மூடிக்கிடந்த மேல்மாடியில் விடுமுறைக் காலைகளில் நடன வகுப்பு வைத்தார். குடும்பத்தோடு வரலாம் என்றார். கழுத்தில் மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிட்ட உயரமான டீச்சர் ஒருவர் வந்தார். டாங்கோ என்ற ஜோடி நடனத்தைச் சொல்லித்தரப் போவதாகச் சொன்னார். பாட்டுப் போட என்னைப் பிடித்தார்கள். அக்காவுக்கு ஆசை. அத்தானை இழுத்துக்கொண்டு வந்தாள். நடுத்தரையில் எல்லார் முன்னாலும் கால் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

அந்த இசையில் பாடுகிறவர் யாருமில்லை. வயலின்கள், பியானோ, அடியில் உறுமுகிற பெரிய வயலின் ஒன்று, நடுவில் துருத்தி போல இழுத்து அமுக்கும் ஒரு பெட்டி. பாண்டோனியன் என்றார் டீச்சர். முதலில் கேட்கும்போது, யாரோ வீட்டைவிட்டுப் போவது போலத் துக்கமாக இருக்கும். கூர்ந்து கேட்டால் இவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருப்பது புரியும். பாண்டோனியன் தொண்டையைச் செருமிக்கொண்டு பெரிய மனிதர் போலப் பேச ஆரம்பிக்கும். பியானோ முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் நடையை நடித்துக்காட்டும். வயலின் இதோ அழப்போகிறது என்று நாம் முகத்தைத் தொங்கப்போடும்போது, வில்லால் கம்பியைச் சொறிந்து களுக்கென்று சிரித்துவிடும். ஆடுகிறவர்களும் அப்படித்தான். முகம் துக்கம் விசாரிக்க வந்தது போல இருக்கும். கால்கள் விஷமம் செய்யும். ஒருவர் பாதம் வைக்கப்போகிற இடத்தில் மற்றவர் பாதம் முந்திப்போய் மறித்து நிற்கும். மறிக்கப்பட்டவர் தாண்டுவதற்கு முன் செருப்பு நுனியால் எதிராளியின் கணுக்காலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தாண்டுவார்.

டீச்சருக்குப் பிடித்த இசை ஒன்று இருந்தது. பாதியில் முடிந்துவிடும். முறைப்படி, எல்லா வாத்தியமும் சேர்ந்து இரண்டு அடி அடித்து, முடிந்தே விடும். பிறகு அமைதி. நாம் நம்பி மூச்சு விட்ட பிறகு பியானோ ஒரு விரலால் எட்டிப் பார்க்கும். கூட்டம் மறுபடி கிளம்பிவிடும்.

"இந்த வாசிக்கிறவங்க பொல்லாதவங்க" என்றார் டீச்சர். "அமைதி வந்ததும் எப்படி இருக்கீங்களோ அப்படியே நிக்கணும். அசைஞ்சவங்க அவுட்."

முதல் முறை மேனேஜரே மாட்டினார். முடிந்துவிட்டது என்று தன் ஜோடிக்கு வணக்கம் சொல்லி, தண்ணீர் குடிக்கப் பாதி தூரம் போனபோது பியானோ அவரைப் பார்த்துச் சிரித்தது. தையல்காரம்மா சிரித்த சிரிப்பில் அவரும் அவுட். அத்தான் மட்டும், அக்காவை அணைத்து, ஒரு காலைப் பின்னால் நீட்டியபடி, மூச்சு கூடத் தெரியாமல் நின்றார். பியானோ கூப்பிட்டதும் எதுவும் நடக்காதது போலக் கிளம்பினார்.

"சார், எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார் டீச்சர்.

"வேலையிடத்துல" என்றார் அத்தான்.

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் பாட்டுக் கருவியின் பக்கத்தில் நின்றபடி அந்த அமைதியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தரையில் வெயில் விழுந்திருந்தது. அதில் தூசி மட்டும் நகர்ந்தது. ஜோடி ஜோடியாக நின்றவர்களைப் பார்க்கையில், அடித்தளம் மேல்மாடிக்கு ஏறி வந்துவிட்டது போலிருந்தது. அசையாமல் நிற்பவரையும் அசைய முடியாமல் நிற்பவரையும் வெளியிலிருந்து பிரித்தறிய வழியே இல்லை. அத்தான் ஒளிந்துகொள்ள ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்த வாரமே அந்த இசையைப் பிரதி எடுத்துத் தரச் சொன்னார். அவர்கள் வீட்டில் அது நாள் முழுக்க ஓடத் தொடங்கியது. இசை அடங்கியதும் சமையலறை வாசலில் தம்ளரும் கையுமாக நின்றுபோவார். அக்கா கரண்டியோடு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஆரம்பிச்சாச்சா? சாப்பாடு ஆறுது, சீக்கிரம் அவுட் ஆகுங்க" என்பாள். ஈர விரலால் காதில் தண்ணீர் தெளிப்பாள். ஒரு நாள் துவைத்த துணிகளை அவர் நீட்டிய கையில் வரிசையாகக் காயப்போட்டு, "கொடிக்கயிறு வாங்குற செலவு மிச்சம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அத்தானின் கண்ணில் நீர் திரண்டு நின்றது. சிரிப்பை அடக்குவதால் வந்த நீர் என்று அக்கா எடுத்துக்கொண்டாள். பியானோ வந்ததும் அவர் உயிர் பெற்று, துணிகளோடு அவளை ஒரு சுற்றுச் சுற்றுவார்.

ஆனால் பியானோ வரும் நேரத்துக்கு அவர் வருவது மெல்லத் தவற ஆரம்பித்தது. இசை கிளம்பிப்போய்விடும், அவர் பின்தங்கி நிற்பார்.

கூண்டுக்கு வந்து, குனிந்து, கேட்டார்: "மச்சான், அந்த அமைதியைக் கொஞ்சம் நீட்டித் தர முடியுமா?"

நீட்டினேன். ஒட்டுவேலை எனக்குத் தெரிந்ததுதான். ஒன்றுமில்லாததை வெட்டி ஒன்றுமில்லாததோடு ஒட்டுவது. கொஞ்ச நாளில் அதுவும் போதவில்லை; மறுபடி நீட்டினேன். வகுப்பில் அமைதி வந்ததும் கருவியின் நிறுத்தும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அத்தான் விடுபடுவதற்குச் சற்று முன்னால் அக்காவின் முதுகில் இருக்கும் அவர் சுண்டுவிரல் துடிக்கும். அதைப் பார்த்த பிறகுதான் விரலை எடுப்பேன். பியானோ அவருக்காகக் காத்திருந்தது.

"இந்த ரெக்கார்டுல இவ்ளோ நேரம் நிறுத்த மாட்டாங்களே" என்று டீச்சர் ஒருமுறை என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பழைய மிஷின் மேடம். இழுக்குது."

அவர் மேலே கேட்கவில்லை. நீண்ட அமைதியில் விளையாட்டும் மாறிக்கொண்டு வந்தது. முன்பு சிரித்தவர்கள் இப்போது அந்த இடம் நெருங்கும்போதே ஒருவரையொருவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். "அந்த நேரத்துல நமக்குப் பின்னாடி யாரோ வந்து நிக்கிற மாதிரி இருக்குல்ல?" என்று தையல்காரம்மா கேட்டார். ஒருவரும் அதை மறுக்கவில்லை.

ஷோகேஸும் மாறியது. அத்தான் பொம்மைகளை ஜோடி ஜோடியாக, அணைத்து, ஒரு கால் பின்னிழுத்து நிறுத்தினார். தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் போகவில்லை. அந்தக் கால் கீழே வரட்டும் என்று காத்திருப்பது போல நின்றார்கள். கண்ணாடி துடைக்கிறவர் உட்பக்கம் நின்று துடைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு, "முதுகைக் காட்ட முடியல சார்" என்றார். கூட்டம் கூடினால் மேனேஜருக்கு வேறென்ன வேண்டும்? கடையின் ஆண்டு விழாவுக்கு நடன ஜோடிகளையே பொம்மைகளுக்கு நடுவில் ஷோகேஸில் ஆடவிடலாம் என்றார்.

"அமைதி வந்ததும் எல்லாரும் நில்லுங்க. யார் பொம்மை, யார் ஆளுன்னு ஜனங்க கண்டுபிடிக்கட்டும்."

அத்தான் முடியாது என்றார். முதுகு வலி, வேலை இருக்கிறது, கூச்சம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அந்த ரூமுக்குள்ள இத்தனை வருஷம் என்னை யாருங்க பாத்தா? ஒரு நாள் தெருவே பாக்கட்டுமே."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஷோகேஸின் பின்பலகைக்குப் பின்னால் கருவியோடு உட்கார்ந்திருந்தேன். பலகையைக் கொஞ்சம் விலக்கி வைத்திருந்ததில் உள்ளே எல்லாம் தெரிந்தது; கண்ணாடிக்கு அப்பால் கூட்டமும் தெரிந்தது. மேனேஜரும் டீச்சரும் ஒரு ஜோடி. தையல்காரம்மாவும் சரக்கு வண்டி ஓட்டுகிறவரும் ஒரு ஜோடி. அத்தானும் அக்காவும். சுற்றிலும் பொம்மைகள், அதே போன்ற உடைகளில். தையல்காரம்மா அக்காவுக்குத் தைத்த கரும்பச்சை உடையில் அவளை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நன்றாகத்தான் ஆடினார்கள். அத்தானின் கால் அக்காவின் காலை மறித்தது. அக்கா அவர் கணுக்காலைத் தட்டிவிட்டுத் தாண்டினாள். வெளியே சிரிப்பு எழுந்தது கண்ணாடி வழியே சத்தமில்லாமல் தெரிந்தது. பிறகு எல்லா வாத்தியமும் சேர்ந்து இரண்டு அடி அடித்து முடித்தன. பொத்தானை அழுத்தினேன்.

எல்லாரும் நின்றார்கள். தெரு முழுவதும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டது.

நான் சுண்டுவிரலைப் பார்த்தேன். அக்காவின் கரும்பச்சை முதுகில் அது அசையாமல் படிந்திருந்தது. காத்திருந்தேன். மேனேஜர் மூக்கைச் சொறிந்து அவுட் ஆனார், வெளியே கைதட்டல். தையல்காரம்மா கிளுக்கென்று சிரித்து, வண்டிக்காரரையும் இழுத்துக்கொண்டு பலகை வழியாக வெளியே வந்தார். டீச்சர் வெகுநேரம் தாக்குப்பிடித்தார். கால் நடுங்கியதும் இறங்கி வந்து என் பக்கத்தில் குனிந்தார்.

"போதும் தம்பி. பாட்டைப் போடு."

"இன்னும் வரல மேடம்."

"எது வரல?"

நான் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே பொம்மைகளும் அவர்கள் இருவரும் மட்டும். கூட்டத்தில் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். ஒருவர் அக்காவைக் காட்டிப் பொம்மை என்று வாயசைத்தார். இன்னொருவர் அத்தானைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் இரண்டுமே பொம்மைகள்தான், ஆட்கள் எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள் என்று முடிவு கட்டிக் கலைய ஆரம்பித்தார்கள். அப்போதுதான் கவனித்தேன். அக்காவுக்குப் பின்னால் நின்ற பெண் பொம்மையின் மார்புத் துணி ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. மின்விசிறியின் காற்றாக இருக்கும் என்று அண்ணாந்து பார்த்தேன். ஷோகேஸுக்குள் மின்விசிறி வைப்பதில்லை.

அக்காவின் முகத்தில் ஜெயிக்கிறவளின் புன்னகை இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கண்ணிலிருந்து முதலில் போயிற்று, பிறகு உதட்டிலிருந்து. அவள் காது அத்தானின் நெஞ்சில் இருந்தது. பிற்பாடு சொன்னாள்: "ஆளு நிக்கிறார், நெஞ்சு மட்டும் தடதடன்னு ஓடுது. விளையாடுறவன் நெஞ்சு அப்படி அடிக்காதுடா. அப்பாவுக்கு அப்படித்தான் அடிக்கும். கை வச்சு வச்சு எனக்குப் பழக்கம்."

உதட்டை அசைக்காமல் பேசினாள். கண்ணாடிக்கு வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது.

"டேய். இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"பாட்டைப் போடாத."

"அக்கா, பாட்டுப் போட்டா ஒருவேளை..."

"போடாதன்னா போடாத. அவரே வரட்டும்."

கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. எடுக்கவில்லை. அக்கா இறங்கியிருக்கலாம், அவர் கைக்கு அடியில் குனிந்து வந்திருக்கலாம். வீட்டில் எத்தனையோ முறை அப்படி நுழைந்து போயிருக்கிறாள். அவள் போகவில்லை. பின்னால் நீட்டிய காலைக்கூட மடக்கவில்லை. தெரு காலியாகிக்கொண்டு வந்தது.

விற்பனைப் பெண் ஒருத்தி பலகையைத் திறந்து தலையை நீட்டினாள். "ஒரு கஸ்டமர் இந்தப் பச்சை டிரெஸ்தான் வேணும்னு அடம் புடிக்கிறாங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே அக்காவின் முதுகில் கொக்கியைத் தேடினாள்.

"இது விக்கிறதுக்கில்லம்மா. கதவைச் சாத்திட்டுப் போ" என்றது கரும்பச்சை உடை.

அந்தப் பெண் கத்திய கத்தல் மேல்மாடி வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். அத்தானை அது அசைக்கவில்லை. அவள் ஓடி, சத்தம் அடங்கி, யாரோ அவளைத் தேற்றி, கடைக்குள் எல்லாம் பழையபடி ஆன பிறகு, எந்தக் காரணமும் இல்லாமல், சுண்டுவிரல் துடித்தது.

அவர் மூச்சை இழுத்தார். உடம்பு தளர்ந்தது. அக்காவைப் பார்த்ததும் வழக்கமான கேலிக்காக உதடு ஒரு பக்கம் போயிற்று. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் திரும்பி வந்தது.

"எவ்ளோ நாளா?" என்றாள் அக்கா.

"டான்ஸுக்கு முன்னாடியே."

"துணி காயப்போட்டனே, அன்னைக்கும்?"

"அன்னைக்கும்தான்."

அக்கா அவர் நெஞ்சில் கையை வைத்தாள். "வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ மறுபடியும் முக்காலியைப் போட்டு உக்காந்துடுவ."

"உக்காந்தேனா இப்ப?" குரல் உடைந்தது, கோபத்தில்தான். "நின்னேன். இவ்ளோ நேரமும் ஒத்தக்கால்ல உங்ககூட நின்னேன். வலி உயிர் போகுது. எறங்குங்க முதல்ல."

அத்தான் குனிந்து தன் காலைப் பார்த்தார். "பயமா இருந்துச்சு" என்றார். நான் அவரிடமிருந்து கேட்டிராத குரல். "நீ இவ்ளோ பக்கத்துல இருந்தும் பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான்" என்றாள் அக்கா.

ஷோகேஸ் மேடையிலிருந்து பலகைக்கு ஒரே ஒரு படி. அக்கா முதலில் நொண்டிக்கொண்டே இறங்கி, திரும்பி, கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கப் பார்த்தார். கால் வரவில்லை. தையல்காரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் வேண்டாம் என்று அந்தம்மாவின் தோளைத் தொட்டார். நான் கருவியின் இணைப்பையே பிடுங்கிப் போட்டுவிட்டு, பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

அக்கா கையை இழுக்கவில்லை. விடவும் இல்லை. படிக்குக் கீழே நின்று அவரை அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள்.